பழைய கனரக லாரியைத் திரும்ப ஓடவைக்க: சிங்கப்பூரிலிருந்து தொடங்குபவர்களுக்கு

பழைய லாரி மீது ஆசை வந்த சிங்கப்பூர்க்காரர் எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் சட்டத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும். இங்கே சரக்கு வாகனத்துக்கு ஆயுள் 20 ஆண்டு. சிஓஇ, அதாவது வாகன உரிமைச் சான்றிதழ், முதலில் 10 ஆண்டுக்குக் கிடைக்கும், அப்புறம் புதுப்பிக்கலாம். ஆனால் 20 ஆண்டைத் தாண்ட வழியில்லை. 2010-இல் பதிவான லாரி 2030-க்கு மேல் நம் சாலையில் ஓடாது. பதிவை ரத்து செய்துவிட்டு எங்காவது ஓரமாக நிறுத்திப் பொறுமையாகப் பழுது பார்க்கலாம் என்றால் அதுவும் நடக்காது. ரத்தான ஒரு மாதத்துக்குள் வண்டியை உடைக்கக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்றுமதி செய்துவிட வேண்டும்.

இதனால் இன்று நம் விரைவுச்சாலைகளில் ஓடும் லாரிகளில் உண்மையான பழசு என்று அநேகமாக எதுவும் இல்லை. புதிதாகப் பதிவாகும் டீசல் வாகனங்களுக்கு யூரோ 4 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம் 2006 அக்டோபரிலும், யூரோ 5 2014-இலும், யூரோ 6 2018-இலும் வந்துவிட்டன. எல்லாம் கம்ப்யூட்டர் சொல்லி டீசல் தெளிக்கும் எஞ்சின்கள். கையால் பம்ப் அடித்து, நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி, ஸ்டாப் கேபிளை இழுத்து நிறுத்துகிற எஞ்சின் வேண்டுமென்றால் ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆக, உங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, நீங்களோ உங்கள் நிறுவனமோ வைத்திருக்கும் லாரியை அதன் 20 ஆண்டு முடியும்வரை நன்றாகப் பார்த்துக்கொள்வது. மற்றொன்று, ஜொகூரில் ஒரு கொட்டகையில் பழைய வண்டியை வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வேலை பார்ப்பது. கட்டுரையின் பெரும்பகுதி இந்த இரண்டாவது வழியைப் பற்றியதுதான். (1/14 அளவு ரிமோட் லாரிகள் கட்டுவோரும் இங்கே உண்டு. பொறாமைப்படும்படி சுத்தமான கைகள் அவர்களுக்கு!)

வாங்கும் முன்

காசு செலவழிக்கும் முன் ஹில் ஸ்திரீட்டில் உள்ள மத்திய தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் 1909-ஆம் ஆண்டுக் கட்டடம். அங்குள்ள குடிமைத் தற்காப்பு மரபுடைமைக் கூடத்தில் பழைய தீயணைப்பு வண்டிகள் இருக்கின்றன. குனிந்து சக்கரத்தையும் பட்டை ஸ்பிரிங்கையும் சேஸிஸ் ரிவெட்டுகளையும் பாருங்கள். எது எதோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று கண் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது இடம். லாரியைத் தேடுவதற்கு முன்னால் இடத்தைத் தேடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. கூலாய், ஸ்கூடாய், ஊலு திராம் பக்கங்களில் பட்டறை வைத்திருப்பவர்களிடம் ஒரு மூலையை மாத வாடகைக்குப் பேசலாம். பார்க்க வேண்டியவை மூன்று: கூரை, கான்கிரீட் தரை, இரவில் பூட்டும் கேட். கூரை இல்லாத இடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, நீங்கள் தேய்த்து எடுத்த துருவெல்லாம் திரும்பி வந்துவிடும். தரை செம்மண்ணாக இருந்தால் ஜாக்கி புதையும். அடியில் தடித்த இரும்புத் தகடோ கட்டையோ கட்டாயம்.

தாள்களைப் பொறுத்தவரை கறாராக இருங்கள். சேஸிஸில் கொத்தியிருக்கும் எண்ணும் கிரானில் (மலேசிய வாகனப் பதிவுத் தாள்) இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்கத் தயங்காதீர்கள். அந்த லாரியை மலேசியச் சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால் அது வேறு உலகம். சொந்தச் சரக்கு ஏற்றும் லாரிக்கே அங்கே ‘சி’ வகைப் பெர்மிட் வேண்டும், 6 மாதத்துக்கு ஒருமுறை சோதனை வேண்டும். மலேசியப் பதிவு வண்டியைச் சிங்கப்பூர்வாசி இங்கே கொண்டுவந்து ஓட்டவும் முடியாது. அதனால் புதியவர்கள் முதல் வண்டியைக் கொட்டகைக்குள்ளும் தனியார் நிலத்திலும் மட்டும் ஓட்டுவது என்று முடிவு செய்துகொள்வதே நிம்மதி.

எந்த வண்டி?

முகப்பு நீண்ட பழைய மெர்சிடிஸ், பெட்ஃபோர்ட் இரண்டும் மனதை மயக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மெர்சிடிஸ் பார்த்ததுமே ஊர் ஞாபகம் வரும். 1954-இல் டாடாவும் டைம்லர்-பென்ஸும் சேர்ந்து ஜம்ஷெட்பூரில் செய்யத் தொடங்கிய லாரிகளின் வழியில் வந்த முகம் அது. 1959-இல் வந்த பெட்ஃபோர்ட் டி.கே.-வில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும். பக்கவாட்டு மூடியைத் திறந்து நின்றபடியே வேலை பார்க்கலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் உதிரிபாகம் பிரிட்டனிலிருந்து தபாலில் வர வேண்டும்.

முதல் வண்டிக்கு என் ஓட்டு 1980-களின் ஜப்பான் லாரிக்கு: இசுசு, ஹினோ, ஃபூசோ, நிசான் டீசல். அதிலும் இசுசுவின் 6பிடி1 எஞ்சின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 5.8 லிட்டர், ஆறு சிலிண்டர், எல்லாம் இரும்பும் கியரும்தான். இதே எஞ்சினை ஹிட்டாச்சி மண்தோண்டி இயந்திரங்களிலும் போட்டார்கள். லாரிக் கடையில் இல்லாத லைனரும் கேஸ்கட்டும் மண்தோண்டி உதிரிபாகக் கடையில் கிடைத்துவிடும். இது தெரியாமல் ‘பார்ட்ஸ் கிடைக்கவில்லை’ என்று நல்ல வண்டியைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

பார்க்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சேஸிஸில் இரண்டு இரும்புப் பட்டைகள் ஒட்டியிருக்கும் இடங்களைப் பாருங்கள். நடுவில் துரு புகுந்து உப்பினால் ரிவெட்டையே பிய்த்துவிடும். அது பெரிய வேலை, முதல் வண்டிக்கு வேண்டாம். கேபின் தரை, படிக்கட்டு, கேபின் உட்கார்ந்திருக்கும் ரப்பர் தாங்கிகள் ஆகியவை கெட்டுப்போயிருப்பது சகஜம், சரிசெய்துவிடலாம். விலை மலிவு என்று மட்டும் பார்த்து இரண்டு, மூன்று வண்டி வாங்கிப் போட்டால் யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான்.

சக்கரம்: உயிர் போகும் இடம்

வண்டி கொட்டகைக்கு வந்துவிட்டது. உடனே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். ஓடாத வண்டியைவிட நிற்கத் தெரியாத வண்டிதான் ஆபத்து. அதனால் முதலில் சக்கரம், பிறகு பிரேக், அப்புறம்தான் எஞ்சின். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பழைய லாரிகளில் பல, துண்டு ரிம்மும் அதைப் பிடித்திருக்கும் லாக் ரிங்கும் கொண்ட சக்கரங்களோடு வரும். டயருக்குள் இருக்கும் காற்று அந்த இரும்பு வளையத்தை எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. துருப்பிடித்த வளையம் நழுவினால் எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. உலகம் முழுக்க டயர்க்கடைகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு நட்டைக்கூடத் தளர்த்துவதற்கு முன், அந்தப் பக்கத்து டயர்கள் அத்தனையிலும் வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் இறக்குங்கள். இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டிலும். சத்தம் நின்றதும் வால்வுக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். சேறு அடைத்துக்கொண்டு காற்று உள்ளேயே இருப்பதுண்டு. திரும்பக் காற்றடிப்பது இரும்புக் கூண்டு வைத்திருக்கும் டயர்க்கடையில் மட்டும். நீளமான குழாய், வால்வைத் தானாகக் கவ்விக்கொள்ளும் முனை, பக்கவாட்டில் ஆள். காற்று ஏறும்போது வளையத்தைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்யும் கடைக்காரர் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். காற்றில்லாமல் நசுங்கி நின்ற டயரில் அப்படியே காற்றடிப்பதும் கூடாது. கழற்றி உள்ளே பார்த்த பிறகுதான்.

நட்டு விஷயம் ஒன்று. பழைய ஜப்பான் லாரிகளில் இடப்பக்கச் சக்கரத்தின் மரை தலைகீழ். வழக்கம்போல இடப்புறம் திருப்பினால் இன்னும் இறுகும். போல்ட் முனையைத் துடைத்துப் பாருங்கள், ‘எல்’, ‘ஆர்’ என்று எழுத்து கொத்தியிருக்கும். பின்சக்கரத்தில் வெளிநட்டு 41 மி.மீ. அதைக் கழற்றி வெளிச் சக்கரத்தை எடுத்தால், உள்ளே நீண்ட இன்னொரு நட்டு, அதன் தலை 21 மி.மீ. சதுரம். இரண்டு சக்கரத்தையும் பிடித்திருப்பது ஒரே போல்ட், இரண்டு நட்டு. திரும்பப் பூட்டும்போது வெளிநட்டைத் தளர்த்தாமல் உள்நட்டை முறுக்க முடியாது. பலர் சோம்பல்பட்டு வெளிநட்டை மட்டும் முறுக்குவார்கள். உள்சக்கரம் ஆடி ஆடிப் போல்ட்டை அறுப்பது இப்படித்தான். பூட்டி ஓட்டிய முதல் 50 கிலோமீட்டருக்குள் திரும்பவும் முறுக்கிப் பாருங்கள்.

டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் பக்கவாட்டில் இருக்கும் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் போன நூற்றாண்டு டயர்.

பிரேக்

உங்கள் வண்டியில் இருப்பது முழுக் காற்று பிரேக்கா, காற்றும் எண்ணெயும் சேர்ந்ததா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நடுத்தர ஜப்பான் லாரிகளில் பெரும்பாலும் இரண்டாவது: காற்று தள்ளும், எண்ணெய் பிடிக்கும். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. நம் ஊர் ஈரப்பதத்தில் பல வருடம் நின்ற வண்டியில் அது காப்பி நிறத்துக்கு வந்திருக்கும். முழுவதும் மாற்றி, வீல் சிலிண்டர் ரப்பர்களையும் மாற்றிவிடுங்கள். ‘நல்லாத்தானே இருக்கு’ என்று விட வேண்டாம்.

முழுக் காற்று பிரேக் என்றால் பின் அச்சில் ஸ்பிரிங் பிரேக் சேம்பர் இருக்கலாம். காற்று போனால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது அதற்குள் அழுத்தி வைத்திருக்கும் தடித்த ஸ்பிரிங். அதன் வளையத்தைப் புதியவர் திறக்கவே கூடாது. ஸ்பிரிங்கை அடக்கிப் பூட்டும் நீள போல்ட்டை மாட்டாமல் திறந்தால் துப்பாக்கிக் குண்டைவிட மோசம். சேம்பர் கெட்டிருந்தால் போல்ட்டால் அடக்கி, முழுதாகக் கழற்றிப் புதுசு போடுங்கள்.

காற்றுத் தொட்டிக்கு அடியில் ஒரு வடிகால் இருக்கும். முதல்முறை திறக்கும்போது பழுப்புத் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் கொட்டும். வண்டி ஓடும் ஒவ்வொரு நாளும் இதைத் திறந்துவிடுவது பழக்கமாக வேண்டும்.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே கரும்பொடி படிந்திருக்கும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். முகமூடி போட்டுக்கொண்டுதான்.

கேபினைத் தூக்கும் வகை வண்டி என்றால் தாங்கு கம்பியின் பூட்டு விழுந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகே தலையை உள்ளே நீட்டுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். தனியாக இருக்கும்போது அடியில் போகவே கூடாது.

தூங்கிய எஞ்சினை எழுப்புதல்

இதில் அவசரம் கையைக் கடிக்கும். பழைய எண்ணெயை இறக்குங்கள். தண்ணீர் கலந்து பால் மாதிரி வந்தால் நிறுத்துங்கள், அது வேறு வைத்தியம். இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லியின் நட்டில் நீள ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் சுற்றிய பிறகுதான் ஸ்டார்ட்டருக்கு வேலை.

டீசல் தொட்டியைக் கழுவியே ஆக வேண்டும். அடியில் தேங்கிய தண்ணீரில் கறுப்புக் கோழை மாதிரி நுண்ணுயிர் வளர்ந்திருக்கும், ஃபில்டரை அடைப்பது அதுதான். மலேசிய டீசலில் 2019-லிருந்து 10 விழுக்காடு பாமாயில் டீசல் கலந்திருக்கிறது. பழங்கால ரப்பர் குழாய்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குழாய்களை எப்படியும் மாற்றப் போகிறீர்கள், தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பம்ப்பை நீங்களே பிரிக்காதீர்கள். பம்ப் கடையில் கொடுத்து மேசையில் வைத்து அளவெடுத்து வாங்குவது நல்லது. காற்று வெளியேற்றும்போது இன்ஜெக்டரிலிருந்து வரும் தெறிப்புக்கு எதிரே கை வைக்க வேண்டாம், அந்த அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும்.

முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் ஸ்டாப் கேபிளருகிலும், இன்னொருவர் காற்று உள்ளே போகும் வாயருகில் தட்டையான பலகையோடும் நிற்கட்டும். பம்ப்பின் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் அல்ல, பலகையால்.

எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் பற்றி ஒரு வாய்ச்சண்டை உங்களுக்குக் காத்திருக்கிறது. ‘இந்த ஊர் வெயிலுக்கு அது எதுக்கு தம்பி, கழட்டிப் போடு’ என்று பட்டறை அண்ணன் எவராவது சொல்லியே தீருவார். அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் கேட்காதீர்கள். பல எஞ்சின்களில் சூடேறியதும் பைபாஸ் வழியை அடைப்பதே தெர்மோஸ்டாட்தான். அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வரும், ஏற்றத்தில் எஞ்சின் இன்னும் சூடாகும். ஏற்றமில்லாத இடத்திலோ எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் கரி கட்டும். புதுசு ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு, அண்ணனுக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள்.

எண்ணெய்களில் ஒரு கவனம்: கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, பின் டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. ‘உயர்ந்த நம்பர்தானே நல்லது’ என்று இரண்டிலும் ஜிஎல்-5 ஊற்றினால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை வளையங்கள் அரிக்கலாம். முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தைத் தூக்கிவிட்டு அடியுங்கள், பாரம் இறங்கியிருந்தால்தான் கிரீஸ் எல்லாப் பக்கமும் போகும். 24 வோல்ட் வண்டியில் ரேடியோவுக்காக ஒரே ஒரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்திருப்பார்கள். பிடுங்கி எறிந்துவிட்டு, 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள்.

அலங்காரம்

நாமக்கல் லாரியின் பூவேலையோ ஜப்பான் டெகோதோரா வண்டியின் விளக்குக் கோபுரமோ பிடிக்கும் என்றால், கொட்டகை வண்டியில் உங்கள் இஷ்டம். நான் வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடு ஒன்றுதான்: சேஸிஸில் புதிதாகத் துளை போடாமல், திரும்பக் கழற்றக்கூடிய மாற்றம் மட்டும். கதவில் பழைய தௌக்கே (முதலாளி) ஒருவரின் கம்பெனிப் பெயர் கையெழுத்தில் மங்கலாகத் தெரிந்தால் அதன்மேல் அடிக்காதீர்கள். சுற்றிலும் புதுப் பெயின்ட், நடுவில் அந்த எழுத்து மட்டும் அப்படியே. பார்க்க வருகிறவர்கள் முதலில் நிற்பது அங்கேதான். ஸ்பிரே அடிப்பதை மட்டும் பெயின்ட் கடைக்கு விட்டுவிடுங்கள். இரண்டு பாகம் கலக்கும் பெயின்ட்டின் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல், சாதாரண முகமூடி தாங்காது.

சிங்கப்பூர்ப் பதிவு லாரியில் கதை வேறு. கூடுதல் விளக்கு, சத்தமான புகைக்குழாய், உயரம் மாற்றுவது என எதைத் தொட்டாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளை முதலில் பாருங்கள். சிலவற்றுக்கு அனுமதி தேவையில்லை, சிலவற்றுக்குத் தேவை, சில அறவே கூடாது. எலுமிச்சை மிளகாயை முன் பம்பரில் கட்டிக்கொள்ளலாம், கண்ணாடியை மறைக்காத வரை யாரும் கேட்கப் போவதில்லை.

உங்கள் வேலை லாரிக்கு

10 ஆண்டு தாண்டிய சரக்கு வாகனத்துக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை சோதனை. அதற்கு இரண்டு வாரம் முன்பே காற்று ஃபில்டர், எண்ணெய், பிரேக் இடைவெளி, எல்லா பல்புகளும் பார்த்துவிட்டால் விகோம் சோதனை நிலைய வரிசையில் இரண்டாம் தடவை நிற்க வேண்டியிருக்காது. புகைச் சோதனைக்குக் குளிர்ந்த எஞ்சினோடு போகாதீர்கள், நன்றாக ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போங்கள். கனரக வாகனத்துக்கு முறையான நிறுத்துமிடச் சான்றிதழ் இல்லாமல் சாலை வரி புதுப்பிக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். ஓட்டுநர் உரிமத்தில், சரக்கில்லா எடை 2,500 கிலோவுக்கு மேல் 7,250 கிலோ வரை வகுப்பு 4, அதற்கு மேல் வகுப்பு 5. தேசிய சேவையில் த்ரீ டன்னர் ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் பழகிய சங்கதி.

ஜொகூரிலிருந்து உதிரிபாகம் கொண்டுவந்தால் 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டியிருக்கலாம், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சிங்கப்பூர்க் காரில் பாலம் தாண்டுகிறவர்கள் டாங்க் முக்கால்வாசி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வண்டி சும்மா நிற்கும் மாதங்களில், எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நன்மையைவிடக் கெடுதல். உள்ளே ஈரம் சேரும். ஓட்டினால் முழுச் சூடு வரும்வரை ஓட்டுங்கள், கொட்டகையைச் சுற்றி நகர்த்திப் பிரேக்கைப் பிடித்து விடுங்கள். அப்புறம் காற்றுத் தொட்டித் தண்ணீரை இறக்கி, டீசல் டாங்கை நிரப்பி, பேட்டரி சுவிட்சைத் துண்டித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, வுட்லண்ட்ஸ் வரிசை நீளும் முன் கிளம்புங்கள்.